அடும்பும் புள்ளொலியும்

இளவேனில் கழிந்து முதுவேனில் புகும் நாள்களில், நம் கீழைக் கடற்கரையில் காலைப்பொழுது நடப்பார்க்கு மணலைப் போர்த்துப் படர்ந்த கொடியொன்று கண்ணிற்படும். செந்நீலப் பூக்கள் காலையில் விரிந்து, வெயில் ஏறியபின் வாடும். கணுதோறும் வேரூன்றி அலையும் மணலைக் கட்டி நிறுத்துவது அக்கொடி. ஆட்டுக்கால் அடம்பு என்றும் அடப்பங்கொடி என்றும் மக்கள் வழங்குவர். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது ஈழத்துப் பழமொழி. சங்கப் புலவர் இதனை அடும்பு என்றனர்.

குறுந்தொகையின் 243ஆம் செய்யுளில் இக்கொடி வருகின்றது. பாடியவர் நம்பி குட்டுவன். பிரிவைப் பொறுத்திரு என்ற தோழிக்குத் தலைவி ஐந்தே அடிகளில் மறுமொழி கூறுகிறாள். இதனைக் கற்பிக்கும்போது, 'அடும்பு: ஒருவகைக் கொடி' என்று பொருள் எழுதி மேலே செல்வது வகுப்பறை வழக்கம். அப்பொருளிற் பிழையில்லை, ஆனால் பாட்டின் உயிர் அதனால் மறைந்துபோகிறது.

புலவர் இலையின் பிளவில் மானடியைக் கண்டார். 1753இல் லின்னேயசு இக்கொடிக்கு இட்ட இலத்தீன் பெயரிலும் ஆட்டுக்கால் என்ற பொருளே உண்டு. பூவைக் குதிரைத் தாரின் மணிக்கு ஒப்பிட்டார். அப்பூவைப் பறித்து மகளிர் மணலில் விளையாடுகின்றனர். பறித்த பூ பின்னர் என்னாயிற்று என்று பாட்டு கூறவில்லை. பறியாதபோதே ஒரு பகலும் நில்லாத பூ அது என்றறிந்தவர்க்குக் கூறவும் வேண்டுவதில்லை. தலைவியின் நிலை அவர்க்கு அங்கேயே விளங்கிவிடும்.

அக்கரைக்குரியவனை இனி நினையேன், என் கண்கள் உறங்குக என்று அவள் முடிக்கிறாள். நினையேன் என்பவள் அவன் கரையின் இலையையும் பூவையும் விளையாட்டையும் ஒன்றுவிடாமல் அடுக்கிய பின்னன்றோ அச்சொல்லைச் சொல்கிறாள்! அவள் மறுப்பை அவள் நினைவே பொய்யாக்குகிறது.

கொடியைப் பெயர் சுட்டிய புலவர் பறவையைச் சுட்டவில்லை. கடற்கரையில் புட்கள் ஒலிப்பதை மட்டுமே கூறுகிறார். நாரையா, குருகா, அன்றிலா? இதனைக் குறை என்பார்க்கு உடன்படேன். பூ, கையாற் பறித்துக் கண்ணாற் கண்ட பொருள். உறக்கம் வேண்டிக் கண்ணை மூடினால் அது மறையலாம். ஒலி மறையாது, செவிக்கு இமையில்லை.

பெயர் சுட்டும் இவ்வொழுக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கடலை விட்டுப் பாலைக்குச் சென்றாலும் காணலாம். இம்ரவுல் கைஸின் முஅல்லகா பெருமழை வெள்ளத்தோடு முடிகிறது. அங்கே முக்கா என்னும் பறவைகள் விடியலில் காரமிட்ட மது உண்டவைபோற் பாடுகின்றன. வெள்ளத்தில் மாண்ட விலங்குகள் பிடுங்கியெறிந்த காட்டு வெங்காயக் கிழங்குகள்போற் கிடக்கின்றன. இருவரும் கண்டதையும் கேட்டதையும் உரைத்தனர். 'அழகு' என்று முத்திரையிடும் வேலையை மேற்கொள்ளவில்லை.

இன்று இயற்கையைப் பாடுவோர் பலரிடம் 'வண்ண மலர்கள்', 'பறவைகளின் கீதம்' என்ற தொடர்களே மிகுதி. அவற்றை எந்தக் கரைக்கும் பொருத்தலாம்; அதனாலேயே எந்தக் கரையும் அவற்றில் தெரிவதில்லை.

கடலோர ஊர்களில் இச்செய்யுளைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை ஒருநாள் கரைக்கு அழைத்துச் செல்லலாம். காலையிலேயே செல்லவேண்டும், பிந்தினால் பூ வாடியிருக்கும்.