சும்மா வீட்டில் இருப்பவள்

'துமாரி சுலு' (2017) படத்தை ஹுத்தான் மெலிந்தாங்கில், எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பார்த்தேன். வசனம் இந்தி, கீழே மலாய் எழுத்து. பாட்டிக்கு இரண்டுமே எட்டாது என்பதால் நான்தான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன். சுலு வேலையை விட்டுவிட்டு அழும் இடத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டி மட்டும் கேட்டார்: "சம்பளம் ஒழுங்காத்தானே குடுத்தாங்க? அப்புறம் ஏன் விட்டா?"

படம் முடிந்து நாளாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சுரேஷ் திரிவேணியின் முதல் படம் இது. மும்பையின் புறநகரான விராரில் வாழும் சுலோச்சனா பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவள். வங்கியில் வேலை பார்க்கும் இரட்டை அக்காக்கள் அதையே சொல்லிச் சொல்லிக் குத்துகிறார்கள். வானொலிப் போட்டியில் வென்ற குக்கரை வாங்கப் போன இடத்தில் அவளுக்கு அறிவிப்பாளர் வேலை கிடைக்கிறது. இரவு நிகழ்ச்சி. தொலைபேசியில் வரும் ஆண்களோடு கொஞ்சம் கொஞ்சிப் பேச வேண்டும்.

2006இல் 'லகே ரஹோ முன்னா பாய்' படத்தில் காலை நேர அறிவிப்பாளராக வந்தவர் வித்யா பாலன். பதினோரு ஆண்டு கழித்து, புடவை கட்டிய குடும்பப் பெண்ணாக நள்ளிரவு மைக்கின் முன் உட்காருகிறார். ஆபாசமாகப் பேச வருகிறவனிடம்கூட அவர் குரலில் ஒரு அண்ணியின் வாஞ்சை இருக்கிறது. சிரித்துச் சமாளிக்கிறாரே தவிர, கூச்சப்பட்டு ஒடுங்குவதில்லை. படத்தின் உயிர் இதுதான்.

கணவன் அசோக் நல்லவன். வில்லன் இல்லாத வீடு அது. ஆனால் முகம் தெரியாத ஆண்கள் தன் மனைவியின் குரலைக் கேட்கிறார்கள் என்பது அவனை மெல்ல அரிக்கிறது. மானவ் கவுல் இதைப் பெரும்பாலும் பார்வையிலேயே காட்டிவிடுகிறார். அவள் வேலைக்குப் போவதை எப்படியோ ஏற்றுக்கொண்டவனுக்கு அவள் கேட்கப்படுவதுதான் பிரச்சினை.

படம் இந்த முடிச்சைத் தொட்டுவிட்டுப் பயந்து கையை எடுத்துக்கொள்கிறது. மகன் பள்ளியில் வம்பில் மாட்டுகிறான், வீட்டை விட்டு ஓடுகிறான், பழி அம்மாவின் வேலைமீது விழுகிறது. அதே காலத்தில் அசோக்கும் அலுவலகத்தில் அவமானப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறான். பிள்ளை கெட்டதற்கு அப்பாவின் வேலையை யாரும் காரணமாகக் காட்டுவதில்லை. கடைசியில் வானொலி நிலையத்துக்கே சாப்பாடு அனுப்பும் தொழிலைப் பிடித்து, அந்த வழியாகத்தான் சுலு மறுபடி மைக்குக்குத் திரும்புகிறாள். பார்க்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையலறையைச் சாட்சிக்கு அழைத்த பிறகுதானே அவள் குரலுக்கு மன்னிப்பு கிடைக்கிறது?

2018இல் ராதாமோகன் இதையே ஜோதிகாவை வைத்து 'காற்றின் மொழி'யாக எடுத்தார். 2007இல் இதே இருவரின் 'மொழி'யில் ஜோதிகா காது கேளாத, பேச முடியாத பெண். அங்கே மௌனத்தை மதிக்கக் கற்றுக்கொண்ட தமிழ் ரசிகனுக்கு இங்கே பெண் பேசும்போது சங்கடம் வருகிறது என்றால், அது யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி பாட்டியின் கேள்வி. அவர் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவர். 'என்னால் முடியும்' என்பது சுலுவுக்குக் கண்டுபிடிப்பு. பாட்டிக்கு அதைச் சொல்லிப் பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. அவருடைய கனவு நேர் எதிரானது: தன் மகளாவது வெயிலில் காயாமல் வீட்டோடு இருக்க வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கனவு பலித்தது. அம்மா இல்லத்தரசியானார்.

எங்கள் வீட்டில் இல்லத்தரசி என்பது ஒரு தலைமுறை ஆசைப்பட்டு அடைந்த பதவி. அந்தப் பதவியில் இருந்தவர் பகலில் வானொலிக்குப் போன் போட்டுப் பாட்டு கேட்பார். சிறுவயதில் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "என்னம்மா செய்றீங்க?" என்று அறிவிப்பாளர் கேட்டதும் அம்மாவின் குரல் இறங்கிவிடும். "சும்மா வீட்லதான் இருக்கேன்." அப்பா வருமுன் போனை வைத்துவிடுவார்.

அந்தச் 'சும்மா'வுக்கும் அவசரமாக வைத்த போனுக்கும் இடையில் இருந்த பெண்ணை 'துமாரி சுலு' சரியாக அடையாளம் காண்கிறது. அவளை முழுதாகப் பேசவிடும் துணிச்சல்தான் அதற்கு இல்லை. ஆனாலும் இந்தப் படத்தை நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். வீட்டில் அம்மாவோடு பாருங்கள். பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள்.

அன்று பாட்டியின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மாதான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவ பேசினது அவங்களுக்குப் புடிக்கலம்மா."