டிஸ்க் சொல்லும் சேதி

மழைக்கு மறுநாள் பிரேக் டிஸ்க்கில் பூத்திருக்கும் துருவைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு அப்படித்தான், நாலு முறை பிரேக் பிடித்தால் பேட் அதைத் துடைத்து வெள்ளியாக்கிவிடும். கவனிக்க வேண்டியது நீலம். ஊட்டியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சின்ன கியருக்கு மாறாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டியில், மயில்கழுத்து நிறம் படர்ந்திருக்கலாம். பார்க்க அழகுதான், டிஸ்க் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவே திட்டுத்திட்டாக இருந்தால், பிரேக் மிதியில் அதிர்வு இருக்கிறதா என்று ஓட்டியவரைக் கேட்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் கண்ணோடு நிறுத்துவதில்லை. பேட் தொடாத ஓரத்தில் நகத்தை ஓட்டுவார். அங்கே தடுக்கும் விளிம்பின் உயரம்தான் அந்தப் பக்கம் தேய்ந்துபோன இரும்பு. பிறகு மைக்ரோமீட்டர். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடைசல் பிடித்துத் தரச் சொல்லிக் கெஞ்சுவது வீண்.