குற்றவாளிகள் பறவைகளா?

ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பறவைகள் திரண்டு வந்து மனிதரைத் தாக்குகின்றன, காரணம் சொல்லப்படுவதில்லை. அந்த மௌனமே அச்சத்தை வளர்க்கிறது. கலையளவில் அது வெற்றியே.

ஆனால், 1961 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாக் கரையில் கடற்பறவைகள் உண்மையிலேயே நிலைகுலைந்து வீடுகளில் மோதி விழுந்தன. படத்தின் உணவு விடுதிக் காட்சியிலும் இதைப் பற்றிய பேச்சு வருகிறது. மூடுபனியில் வழிதவறின என்று அங்கே முடித்துவிடுகிறார்கள்.

அவ்வாண்டு அக்கடலில் சேகரித்த மிதவை உயிரிகளின் குடலைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, ‘சூடோ-நிட்சியா’ என்னும் நுண்பாசி மிகுதியாகக் காணப்பட்டது. இதன் சில இனங்கள் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சைச் சுரப்பவை. பாசியைத் தின்ற நெத்திலி மீன்கள் வழியே அது பறவைகளை அடைகிறது. குளுட்டமேட்டைப் போல் வேடமிட்டு நரம்புச் செல்லின் வாயில்களைத் திறக்கிறது. கால்சியம் அளவின்றி உட்புகுந்து செல் மடிகிறது. 1987இல் கனடாவில் இந்நஞ்சேறிய மட்டிகளை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் நினைவாற்றலையே இழந்தனர்.

1963இல் இது எவருக்கும் தெரியாது. எனவே இயக்குநரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், நோயாளிகளையே கொலையாளிகளாகக் காட்டும் படத்தை, உண்மை அறிந்த நாம் பழைய கண்ணோடு பார்க்கலாமா? அடுத்த முறை பார்க்கும்போது வானத்தை மட்டுமன்று, கடலையும் கவனியுங்கள்.