எலி காட்டிய சான்று போதுமா?

"ஈஸினோஃபில் கூடியிருக்கிறதா? டைஎதில்கார்பமசின் சாப்பிடுங்கள். ஒவ்வாமையின் நொதியையே அது தடுத்துவிடும்." இப்படி ஒரு கருத்து நம்மிடையே உலவுகிறது. தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்கும் ஒருவர், மரத்தூள் பட்டு இழுப்பு வந்தபோது இதை நம்பி, தாமாகவே அம்மாத்திரையை வாங்கி உண்டு வந்தார். அவர் என் மாணவர் ஒருவரின் தந்தை. ஆகவே இக்கருத்தை ஆராய்வோம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் உருவாகி 1947-இல் அறிவிக்கப்பட்ட யானைக்கால் நோய் மருந்து இது. 1968-இல் ஆரஞ்ச், வாலன்டைன், ஆஸ்டன் ஆகியோர் இதை எலிகளில் சோதித்தனர். மூச்சுக்குழலை நெடுநேரம் இறுக்கும் ஒவ்வாமைப் பொருள் வெளியாவது குறைந்தது. லியூக்கோட்ரையீன் என்று பின்னர் பெயர் பெற்றது அப்பொருளே. அது உண்டாவதை இம்மருந்து தடுப்பதை 1982-இல் சுண்டெலியின் மாஸ்ட் செல் கட்டியிலிருந்து பெற்ற செல்களிலும் கண்டனர்.

பிழை இதற்குப் பின்தான் நேர்கிறது. சோதனைக் குழாயில் பயன்பட்ட மருந்தின் செறிவு, மாத்திரை உண்பவரின் இரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். அளவைச் சொல்லாத விளைவு, அலகு எழுதாத விடையைப் போன்றது. மேலும், லியூக்கோட்ரையீன் தூண்டலுக்குப் பின் புதிதாக ஆக்கப்படுவது. ஹிஸ்டமினோ மாஸ்ட் செல்லில் முன்பே சேமித்து வைக்கப்பட்டிருப்பது. ஆக்கும் நொதியைத் தடுத்தால், சேமிப்பில் உள்ளது நின்றுவிடுமா?

"மாத்திரையால் குணமானவர்கள் உண்டே!" என்பீர்கள். உண்டு. வெப்பமண்டல ஈஸினோஃபீலியா என்னும் நோயில், யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, உடலின் எதிர்ப்பைக் கிளறி, இருமலும் இழுப்பும் தருகின்றன. மருந்து அவற்றை ஒழிப்பதால் நோய் தணிகிறது. அந்த வெற்றியை நொதியின் கணக்கில் எழுதுவது தவறு. ஈஸினோஃபில் ஆஸ்துமாவிலும் கூடும், குடற்புழுக்களாலும் கூடும். அது ஓர் அறிகுறியே அன்றி நோயின் பெயர் அன்று.

அந்தச் சிற்பிக்கு வேண்டியவை மருத்துவரின் சோதனை, தூளைத் தவிர்க்கும் வழி, ஆஸ்துமா என்று உறுதியானால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. வீணாக உண்ட மாத்திரையைவிட, அதனால் தள்ளிப்போன சிகிச்சையே பெரிய இழப்பு. இனி ஒரு மருந்து நொதியைத் தடுக்கிறது என்று படித்தால், எந்த உயிரில், எவ்வளவு செறிவில், எந்த நோயில் என்று கேளுங்கள்.