ஞானத்தின் திணை

உயிரற்ற பொருளுக்கும் கருத்துக்கும் ஆள் தன்மை ஏற்றிக் கூறும் முறையை மாணவருக்குக் கற்பித்தல் எளிது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஏசாயா 55:12இல் மலைகள் பாடுகின்றன, மரங்கள் கைதட்டுகின்றன என்று சொன்னவுடன் மாணவர் ‘ஆளுருவகம்’ என்று ஓரத்தில் குறித்துக்கொள்வர். பெயர் சூட்டுதல் வேறு, கண்டுகொள்ளுதல் வேறு. நீதிமொழிகள் நூலைத் தமிழில் பயிலும் இறையியல் மாணவர் பலர், அந்நூலின் தலையாய ஆளுருவகத்தையே காணாது கடந்து செல்கின்றனர் என்பது நமது கருத்து. குறை முழுவதும் அவர்களுடையதன்று.

இவ்வணியைக் கற்பிப்பதற்கு மிக ஏற்ற பாடமொன்று காஞ்சிபுரத்திற்கு அணித்தே கல்லில் கிடக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றை அது குறிப்பிடுவதை வரலாறு பயின்றோர் அறிவர். மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயுற்றோரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு ஆகும் செலவு அங்கே கணக்காக வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவப் பணியைத் தன் ஊழியமாகக் கருதும் திருச்சபைக்கு அக்கணக்கு தனியே ஆராயத் தக்கது. ஈண்டு நாம் நோக்குவது நடையை மட்டுமே.

வீரராஜேந்திரனின் நீண்ட மெய்க்கீர்த்தியில் நிலவுலகம் அவன் தோளில் பூண்ட அணிகலனாகத் தோன்றுகிறது. கலியோ தான் உறையும் குகைக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. இவ்விரண்டையும் ஒரே அணி என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் தரலாகாது. முன்னதில் நிலம் ஒரு பொருளுக்கு ஒப்பிடப்படுகிறது. அது ஒன்றும் செய்யவில்லை. பின்னதில் கலி அஞ்சுகிறது, ஒளிகிறது, அதாவது வினை புரிகிறது. இவற்றை விட்டு நிவந்தக் கணக்கிற்கு வந்தாலோ நெல் நெல்லாகவே அளக்கப்படுகிறது, காசு காசாகவே எண்ணப்படுகிறது. அணியுள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் அருகருகே வைத்துக் காட்டாமல் அணியைக் கற்பிக்க இயலாது.

நன்னூலார் இதற்கு நல்லதோர் அளவுகோல் தந்துள்ளார். அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும், பேசுவன போலவும், நடப்பன போலவும், ஒன்றைச் செய்வன போலவும் சொல்லப்படுதல் உண்டு என்பது அவர் விதி. அந்நான்கும் வினைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீரராஜேந்திரன் பெயரால் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம் அணியிலக்கணத்தில் தண்டியைப் பின்பற்றுகிறது. அத்தண்டி காஞ்சியோடு தொடர்புடையவராகக் கருதப்படுபவர். ஒன்றன் செயலை மற்றொன்றன்மேல் தகுதியுற ஏற்றுவதைச் ‘சமாதி’ என்னும் குணமாக அவர் வகுத்தார். மலர் கண் மூடுகிறது என்பது போன்றவை அதில் அடங்கும். ஆகவே மாணவர் முதலில் தேட வேண்டியது பெயர்ச்சொல்லை அன்று, வினைச்சொல்லை.

இனி நீதிமொழிகளுக்கு வருவோம். எபிரெயத்தில் ஞானத்தைக் குறிக்கும் ‘ஹொக்மா’ பெண்பாற் சொல். அதனால் மட்டும் அது பெண்ணாகிவிடாது; அம்மொழியில் வாளும் பட்டணமும்கூடப் பெண்பாலே. ஒன்பதாம் அதிகாரத்தில் அவள் வீடு கட்டுகிறாள், தூண்களைச் செதுக்குகிறாள், பந்தி ஆயத்தப்படுத்துகிறாள், பணிப்பெண்களை அனுப்பிப் பேதையரை விருந்துக்கு அழைக்கிறாள். இச்செயல்களே அவளை இல்லத்தரசியாக நம்முன் நிறுத்துகின்றன. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் மதியீனமும் ஒரு பெண்ணாய், தன் வீட்டு வாயிலில் அமர்ந்து அதே பேதையரை அழைக்கிறாள். இரு வீடுகள், இரு விருந்துகள், இரு பெண்கள். நூலின் முதற்பகுதி முழுவதும் இவ்விணையை நோக்கியே நகர்கிறது.

நமது பழைய திருப்புதலில் நிகழ்வது என்ன? 1:20இலும் 8:1இலும் ஞானத்திற்கு அஃறிணை வினைமுற்றுத் தரப்பட்டிருக்கிறது. 9:13இலோ மதியீனம் ‘ஸ்திரீ’யாகவே வந்து பெண்பால் வினை கொள்கிறது. தமிழில் திணை பொருளைப் பற்றியது. ஞானம் கருத்தாதலின் அஃறிணை முடிவு இலக்கணப்படி சரியே. ஆனால் விளைவு சிறிதன்று. மதியீனம் பெண், ஞானம் வெறும் ‘அது’ என்று ஆலயத்தில் அமர்ந்திருக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர். மூலநூல் இரண்டையும் பெண்ணாக்கி நிறுத்திய சமநிலை, ஒரு விகுதியால் சாய்ந்துவிட்டது. வாயாடிப் பெண்ணைக் கண்டித்து இப்பகுதியில் பிரசங்கிக்கும் ஆயர்கள் உளர். விருந்தளிக்கும் பெண்ணைப் போற்றிப் பிரசங்கிப்போர் அரியர்.

தமிழுக்கு இது முடியாத காரியமுமன்று. நிலத்தை உயர்திணையாக்க வேண்டியபோது நம் முன்னோர் ‘மகள்’ என்றும் ‘மடந்தை’ என்றும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டனர். முதலாம் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி நிலத்தையும் போர் வெற்றியையும் செல்வத்தையும் அவன் தேவியராக்குவது இவ்வழியிலேதான். ஒன்பதாம் அதிகாரத்திலேனும் ஞானத்தை ‘அவள்’ எனல் தகும் என்பது நமது துணிபு.

அவ்வாறு செய்தால் ஞானம் ஒரு தேவதையாகிவிடாதா என்று சிலர் அஞ்சுவர். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891இல் தமிழைத் தாயாக வாழ்த்தினார்; அதைப் பாடுவோர் அனைவரும் ஒரு தெய்வத்தைத் தொழுகின்றனர் என்று யாரும் கொள்வதில்லை. எனினும் அச்சத்தில் நியாயமே இல்லை என்று கூறமாட்டோம். நீதிமொழிகள் 8:22இல் ஞானம் தன் தோற்றத்தைக் குறித்துப் பேசுவதைக் கிரேக்கத் திருப்புதல் ‘படைத்தார்’ என்னும் பொருளில் பெயர்த்தது. அதைக் கொண்டு, குமாரனும் படைக்கப்பட்டவரே என்று ஆரியுவின் சார்பினர் வாதிட்டனர். அத்தனாசியு அதை மனுவுருவேற்பைக் குறித்ததாக விளக்கினார். அங்கே பேசும் ஞானம் குமாரனே என்பதை இரு சாராரும் ஒப்புக்கொண்டே வழக்காடினர். அது கவிதையில் பேசும் குரல் என்ற கேள்வி அவ்வழக்கில் முன்னிற்கவில்லை.

இதே கவனம் பாவத்தைப் பற்றிய பகுதிகளுக்கும் வேண்டும். ஆதியாகமம் 4:7இல் பாவம் வாசலருகே படுத்திருக்கிறது. அது பதுங்கிய விலங்கோ, அக்காடிய மரபில் வரும் வாயிற்பேயோ என்று அறிஞர் ஆராய்வர். குகைக்குள் ஒதுங்கும் கலியை அறிந்த நமக்கு அக்காட்சி அந்நியமன்று. ஆனால் அவ்வசனமே, காயீன் அதை ஆளவேண்டும் என்று முடிகிறது. ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் பாவமும் மரணமும் அரசாளுகின்றன. ஆறாம் அதிகாரமோ அவ்வரசுக்கு இடங்கொடுக்கலாகாது என்கிறது. ஆளுருவகத்தை அறியாதவர் பாவத்தைப் புறத்தேயுள்ள ஆளாக்கி அதன்மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்வார்.

தேர்வுக்கு ஒரு பகுதி தேர்ந்தெடுக்க வேண்டுமாயின் யோபு 28ஐக் கொடுப்போம். அங்கு ஞானம் பேசுவதில்லை, நடப்பதில்லை. சுரங்கத்தில் தேடியும் கிடைக்காத பொருளாய், பொன்னாலும் வாங்கவொண்ணாததாய் இருக்கிறது. பேசுவது ஆழமும் சமுத்திரமும். அழிவும் மரணமுங்கூட, அதைப்பற்றிக் கேள்விப்பட்டதுண்டு என்கின்றன. நீதிமொழிகளின் நினைவில் அங்கும் ஞானத்தின் அருகே ‘ஆளுருவகம்’ என்று எழுதிவிட்டு, ஆழத்தையும் மரணத்தையும் விட்டுவிடுவோர் விடைத்தாளை நாம் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.