போடி மலைச் சேற்றில் டி.ஐ. ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வியர்த்த உடம்பு மேலே போனதும் கம்பளி கேட்கும். அது வரைக்கும் எந்த வண்டியும் ஏறிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தார்ச்சாலையை விட்டு ஏலத்தோட்டத்துக்குள் திரும்பும்போதுதான் சோதனை தொடங்குகிறது. சாரல் பிடித்துவிட்டால் அங்கே செம்மண் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

அங்கே ஓட்டிப் பார்த்தது பழைய மஹிந்திரா டி.ஐ. ஜீப். 2,523 சி.சி. டீசல் இன்ஜின், ஃபோர் வீல், பட்டை ஸ்பிரிங். வேகத்துக்குப் பிறந்த இன்ஜின் அல்ல. குறைந்த சுற்றிலேயே இழுக்கும். சேற்றுக்கு அதுதான் வேண்டும். லோவில் இரண்டாவது கியர் போட்டு, மிதியைச் சீராகப் பிடித்தால் ஏறிவிடுகிறது. பதறி மிதித்தால் டயர் பட்டன்களுக்கு நடுவே சேறு அப்பி, பிடிமானம் போய்விடும். பிறகு செயின் கட்டத்தான் வேண்டும். இறக்கத்தில் கியரை நம்புங்கள், பிரேக்கை அல்ல. தார்ச்சாலை வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் வளைவுகளில் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

பலரும் கவனிக்காத இடம் ஆக்ஸில். மலையேறிச் சூடான கிரவுன் பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் என்ற காற்றுத் துளை சேற்றில் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் நிறமாகும்; பேரிங் அதிக நாள் தாங்காது. பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

இந்தக் குளிரில் டீசல் உறைவதில்லை. ஆனால் பாதி காலியான டேங்கில் இரவு ஈரம் நீராக இறங்கும். மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டு, ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்தாலே காலை ஸ்டார்ட்டிங் தொல்லை பாதி குறையும். பாட்டரி பழசானால் குளிர் முதலில் அதைத்தான் காட்டிக்கொடுக்கும்.

2020இல் வந்த மஹிந்திராவின் புதிய ‘தார்’ ஜீப், 226 மி.மீ. தரை இடைவெளியும் 650 மி.மீ. நீர் தாண்டும் திறனும் கொண்டது. சொகுசிலும் பாதுகாப்பிலும் பழையதை எங்கோ விட்டுவிட்டது. குடும்பத்தோடு மலையேற அதையே வாங்கலாம். ஆனால் தோட்டத்துக்குள் நின்றுபோனால், சாவியும் ஸ்பேனரும் வைத்துத் தட்டி எழுப்பக்கூடியது பழைய ஜீப்தான். சென்சார் நிறைந்த இன்ஜினுக்கு அந்த வைத்தியம் போதாது. தோட்ட வேலைக்கு என் ஓட்டு பழையதற்கே.

தோட்ட முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். விடிவதற்குள் போடியிலிருந்து ஏறும் இந்த ஜீப்புகளில் தோட்டத்துக்கு ஏலப்பழமெடுக்கப் போகும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சாரல் காலத்தில் வாரம் ஒரு நாளாவது வண்டியை நிறுத்தி, சேற்றைக் கழுவி, கிரீஸ் அடித்து, பிரேக் லைனரைப் பார்க்க டிரைவருக்கு நேரம் கொடுங்கள். அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். ஆளை அளவோடு ஏற்றுங்கள்.