சுவாமியும் இரு தலைமையாசிரியரும்

பள்ளிச் சிறுவர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆங்கில நாவல்களில், தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ பெரிதும் போற்றப்படுவது. அது 1940இலும் 1951இலும் படமாயிற்று. 1940ஆம் ஆண்டுப் படத்தில் மாணவன் டாமைக் காட்டிலும் தலைமையாசிரியர் ஆர்னால்டே நம் கருத்தைக் கவர்கிறார். 1939இல் வந்த ‘குட்பை, மிஸ்டர் சிப்ஸ்’ படத்திலோ முதிய ஆசிரியரே கதைத் தலைவர். அவராக நடித்த ராபர்ட் டோனாட்டுக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. ஆசிரியர் தம் தொழிலின் பெருமையைக் கண்டு மகிழ்வதற்கு இவை ஏற்ற படங்கள். தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய பள்ளிக்கூட நாவலோ அம்மகிழ்ச்சியை நமக்கு அளிக்கவில்லை.

அது ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’. நாராயணின் தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தவர். ஆயினும் மகன் எழுதிய முதல் நாவலில் தலைமையாசிரியர் இருவர் வருகின்றனர். இருவருக்கும் பெயரில்லை, இருவர் கையிலும் பிரம்பு இருக்கிறது. முதல்வர் ஆல்பர்ட் மிஷன் பள்ளியைச் சார்ந்தவர். 1930 ஆகஸ்டு 15ஆம் நாள் மால்குடியில் கூடிய அரசியல் கூட்டத்திற்கு மறுநாள், மாணவர் கிளர்ச்சியில் சுவாமி பள்ளியின் கண்ணாடிகளை உடைத்ததற்கு அவர் பிரம்பெடுக்கிறார். சிறுவன் பள்ளியையே உதறி ஓடுகிறான். மற்றவர் போர்டு உயர்நிலைப் பள்ளியைச் சார்ந்தவர். உடற்பயிற்சிக்கு வராத குற்றத்திற்கு அவர் அடிக்க முற்படுகையில், சுவாமி அப்பிரம்பைப் பறித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஊரைவிட்டே ஓடுகிறான். பிரம்பைக் குறிக்க ‘ரோத்தான்’ என்னும் மலாய்ச் சொல்லே வழக்கில் ஊன்றிவிட்ட இந்நாட்டில், தமிழாசிரியர் எவரும் இப்பகுதியை முறுவலோடு மட்டும் படித்துக் கடத்தல் அரிது.

இந்நாவலைச் சங்கர் நாக் ‘மால்குடி நாட்கள்’ என்னும் தொடரின் பகுதியாகப் படமாக்கினார். 1986இல் தூர்தர்ஷனில் அது ஒளிபரப்பாயிற்று. மாஸ்டர் மஞ்சுநாத் சுவாமியாகவும், கிரீஷ் கர்னாட் தந்தையாகவும் நடித்தனர். எல். வைத்தியநாதன் இசையமைத்தார், ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்கள் முகப்பை அணி செய்தன. தமிழர் ஆங்கிலத்தில் எழுதிய கதையைக் கன்னட நாட்டு இயக்குநர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேச வைத்தார். தமிழ் மட்டும் இதில் இடம்பெறாமற் போனது நம்மவர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மஞ்சுநாத்தின் நடிப்பைக் குறைகூற இடமேயில்லை. திருதிருவென விழிப்பதும், பொய் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுவதும் பயிற்றுவித்து வருவன அல்ல. கர்னாட்டோ, கண்டிப்புக்குள் கனிவை ஒளித்து வைத்திருக்கும் தந்தையை அளவறிந்து காட்டுகிறார். ஆயினும் நாவலும் படமும் ஒன்றல்ல. நாவல் சிறுவனின் உள்ளிருந்து உலகைப் பார்க்கிறது. படம் வெளியே நின்று சிறுவனைப் பார்க்கிறது.

இவ்வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். இராமனிடம் பத்து மாம்பழங்கள் உள்ளன. அவற்றால் அவன் பதினைந்து அணா ஈட்ட விரும்புகிறான். கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும். எவ்வளவு தர வேண்டும்? இது தந்தை கொடுத்த கணக்கு. சுவாமியின் மனமோ, பதினைந்து அணாவை விடாப்பிடியாகக் கேட்கும் இராமன் தன் வகுப்புச் சங்கரைப் போன்றவன் என்றும், கிருஷ்ணன் ‘பட்டாணி’ எனப் பெயர் பெற்ற சிறுவனைப் போன்றவன் என்றும் எண்ணிக் கிருஷ்ணனுக்காக இரங்குகிறது. பின்னரே, பழங்கள் பழுத்தவையா என்று தந்தையைக் கேட்கிறான். அக்கேள்வி மட்டுமே செவியில் விழுந்தால் அது சிறுபிள்ளைக் குறும்பு; அதற்கு முன் ஓடிய எண்ணங்களையும் அறிந்தால் அது நியாயமான வினா. திரை தரக்கூடியது அக்கேள்வியும் ஒரு முகமுமே. இடையில் ஓடிய எண்ணம் ஏட்டிற்கே உரியது. மூவார்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இக்கணக்கைக் கொடுத்தால் அணா சென்னாகும், மாம்பழம் டுரியானும் ஆகலாம். பழுத்ததா என்னும் கேள்வி மட்டும் மாறாது. அதைக் கேட்கும் மாணவனைக் கணக்கில் மந்தன் என்று எழுதிவிடுவது எளிது.

மற்றொன்று படத்தின் அழகே செய்யும் கேடு. சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பேயில் படம் பிடிக்கப்பட்டது. மழையில் நனைந்த ஓட்டு வீடுகளும், பெரிய முற்றமும், பசுமையும் கண்ணை ஈர்க்கின்றன. முகப்பிசை பல்லாண்டு கழித்துக் கேட்டாலும் நெஞ்சை விட்டகலவில்லை. ஆனால் இவையெல்லாம் கூடி, கடந்த பிள்ளைப் பருவத்தை நினைத்து ஏங்கும் பெரியவரின் பார்வையைப் படத்திற்குக் கொடுத்துவிடுகின்றன. சுவாமிக்கு அவ்வேக்கம் ஏது? திங்கட்கிழமை காலையில் கண் விழிக்கவே அவன் அஞ்சுகிறான். வேதபாட ஆசிரியர் எபனேசர் இந்துக் கடவுளரைப் பழிக்க, எதிர்க்கேள்வி கேட்டதற்குக் காதைத் திருகிக் கொடுக்கிறார். அந்நியத் துணியென்று நம்பித் தீயிலிட்ட தொப்பி கதர்த் தொப்பிதான் என்று பின்னர்த் தந்தை வாயிலாக அறிகிறான். பெரியோருக்கு நகைச்சுவையாகத் தோன்றுபவை அவனுக்கு மெய்யான அச்சங்கள். நாராயண் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க வல்லவர்; படமோ பெரும்பாலும் நகைச்சுவையின் பக்கமே சாய்கிறது.

இருந்தும், எந்த ஆசிரியரையும் ஆர்னால்டாக உயர்த்திக் காட்டச் சங்கர் நாக் முற்படவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். திருந்திய தலைமையாசிரியர் ஒருவரைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் கூட்டம் கைதட்டியிருக்கும், கதை செத்திருக்கும்.

நாவலின் முடிவு புகைவண்டி நிலையத்தில் நிகழ்கிறது. கிரிக்கெட் ஆட்டத்திற்கு வராமற்போன சுவாமியோடு பேச்சை முறித்துக்கொண்ட ராஜம் ஊரைவிட்டுச் செல்கிறான். ஆண்டர்சனின் கதைப் புத்தகத்தைச் சுவாமி பரிசாகக் கொண்டுவந்திருக்கிறான். வண்டி நகரும்போது அது ராஜம் கைக்குப் போய்ச் சேருகிறது. ராஜம் கடிதம் எழுதுவானா என்று சுவாமி கேட்க, மணி ஆம் என்கிறான். மணி சொன்னது மெய்யோ, தேற்றுவதற்கான பொய்யோ? அவன் முகத்தைப் பார்த்துச் சுவாமியால் அறிந்துகொள்ள முடியவில்லை என்று நாராயண் முடிக்கிறார். சொல்லைக் காட்டிலும் முகமே பேச வேண்டிய இடம் இது. இங்கே திரைக்கு ஏட்டினும் கூடுதல் உரிமை உண்டு.